இரண்டாம் ஆண்டின் எடை

2017 ஜனவரி 8, ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறும் வயிற்றில் எடைக் கருவியில் ஏறி நின்று, 84.2 கிலோ என்று ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுதினேன். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் எழுதிவருகிறேன். வெளியூரில் இருந்த வாரங்களில் மட்டும் கட்டம் காலியாக இருக்கும். கணித ஆசிரியை என்பதால் ஆண்டு முடிவில் அந்த எண்களை வரைபடத் தாளில் புள்ளிகளாக வைத்துக் கோடு போட்டுப் பார்ப்பேன். முதல் ஆறு மாதம் செங்குத்தாக இறங்கி, ஓராண்டில் தட்டையாகி, பதினெட்டாவது மாதத்துக்குப் பிறகு மெல்ல மேலேறும் அந்தக் கோட்டை என்னுடைய தோல்வியின் படமாகவே நெடுநாள் எண்ணியிருந்தேன். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான், என்னைப் போலவே மாவுச்சத்தைக் குறைத்து உண்ட நூற்றுக்கணக்கானவர்கள் அமெரிக்காவிலும் இஸ்ரேலிலும் சேர்ந்து ஏறக்குறைய இதே கோட்டை வரைந்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது.

என் அப்பாவுக்கு முப்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். அதில் கால் விரல் ஒன்றை இழந்தார். எனக்கு அதற்கு முந்தைய டிசம்பரில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 6.1 சதவீதம் என்று வந்திருந்தது. நோயின் வாசலில் நிற்கிறீர்கள் என்றார் மருத்துவர். அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டில் பேலியோ என்ற சொல்லைக் கேட்காத வீடு குறைவு. ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒருவராவது இருபது கிலோ குறைத்திருந்தார். அவருடைய பழைய படமும் புதிய படமும் கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருந்தன. காலையில் நெய்யில் வறுத்த நூறு பாதாம், மதியம் அரிசி போலத் துருவிய காலிபிளவரும் காய்கறிப் பொரியலும், மாலையில் ஒரு கொய்யா, இரவில் முட்டை, மீன், கோழி அல்லது பனீர் என்று பட்டியல் வந்தது. சோறு, இட்லி, தோசை, சப்பாத்தி, பருப்பு, சர்க்கரை, மற்றப் பழங்கள் எல்லாம் நின்றன. நாளொன்றுக்கு முப்பது, நாற்பது கிராம் மாவுச்சத்துக்கு மேல் போகாமல் இருந்தேன்.

முதல் வாரத்தில் 2.8 கிலோ குறைந்தது. அந்த மகிழ்ச்சியை இன்னும் நினைவில் வைத்திருக்கிறேன். ஆனால் அதில் பெரும்பகுதி கொழுப்பு அன்று, நீர். கல்லீரலிலும் தசைகளிலும் நாம் சுமார் 400 முதல் 500 கிராம் வரை மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைத்திருக்கிறோம். ஒவ்வொரு கிராமும் தன்னோடு ஏறக்குறைய மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. மாவுச்சத்து நின்றதும் அந்தச் சேமிப்பு கரைகிறது, நீர் வெளியேறுகிறது, கூடவே உப்பும் போகிறது. மூன்றாம் நாள் வரும் தலைவலியும் கால் பிடிப்பும் பெரும்பாலும் அதனால்தான். மீண்டும் இரண்டு நாள் சோறு சாப்பிட்டால் அதே நீர் அதே வேகத்தில் திரும்பி வரும். இதை யாராவது தொடக்கத்திலேயே எனக்குச் சொல்லியிருந்தால், பின்னாளில் ஒரு விருந்துக்குப் பிறகு ஏறிய ஒன்றரைக் கிலோவைப் பார்த்து அத்தனை கலங்கியிருக்க மாட்டேன்.

முதல் ஆறு மாதங்களில் மொத்தம் 14 கிலோ இறங்கியது. பசி பெரிதாகத் தெரியவில்லை. முன்பெல்லாம் காலையில் ஐந்து இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனாலும் பதினொரு மணிக்கு ஆசிரியர் அறையில் பிஸ்கட் டப்பாவைத் தேடுவேன். பாதாம் சாப்பிட்ட நாட்களில் மதியம் இரண்டு மணி வரை உணவின் நினைவே வராது. நூறு பாதாம் என்பது சுமார் 120 கிராம். அதில் ஏறக்குறைய 700 கலோரியும் 25 கிராம் புரதமும் உண்டு. புரதம் பசியை நன்றாக அடக்கும், கொழுப்பு எரியும்போது உடலில் சேரும் கீட்டோன்களும் பசியை மட்டுப்படுத்தும். இவற்றைவிட எளிய காரணம் ஒன்றும் இருந்தது. நம் ஊரில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் தின்பண்டங்களில் பத்தில் ஒன்பது மாவும் சர்க்கரையும்தான். வடை, பஜ்ஜி, முறுக்கு, மிக்சர், பிறந்தநாள் கேக், சர்க்கரை போட்ட நாலு வேளைக் காபி எல்லாவற்றையும் ஒரே விதி வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது. என்ன சாப்பிடுவது என்று நாளுக்குப் பத்து முறை முடிவெடுக்கும் சுமை குறைந்தது.

அப்போது எனக்குச் சொல்லப்பட்ட விளக்கம் வேறு. கலோரியை எண்ண வேண்டாம், மாவுச்சத்து இன்சுலினை ஏற்றுகிறது, இன்சுலின் கொழுப்பைப் பூட்டி வைக்கிறது, மாவுச்சத்தை நிறுத்தினால் பூட்டு திறந்து கொழுப்பு தானாக எரியும் என்றார்கள். ஹார்வர்டைச் சேர்ந்த டேவிட் லுட்விக் போன்ற தேர்ந்த ஆய்வாளர்களே இக்கருத்தின் ஒரு வடிவத்தை முன்வைத்து வருவதால், இதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. எடை குறைத்தவர்களில் மாவுச்சத்தைக் குறைத்து உண்பவர்களுக்கு உடல் செலவிடும் ஆற்றல் சற்றுக் கூடுகிறது என்று அவருடைய குழு 2018இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆனால் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் நடத்திய சோதனைகளைப் படித்தபோது என் நம்பிக்கை அசைந்தது. 2021இல் வெளியான சோதனையில் இருபது பேரை நான்கு வாரம் மருத்துவ நிலையத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மாவுச்சத்து மிகக் குறைந்த இறைச்சி உணவும், இரண்டு வாரம் கொழுப்பு குறைந்த தாவர உணவும் வேண்டிய அளவுக்குச் சாப்பிடக் கொடுத்தார்கள். தாவர உணவு நாட்களில் இன்சுலின் நன்றாகவே ஏறியது. ஆனாலும் அந்த நாட்களில் அவர்கள் தாமாகவே நாளுக்குச் சுமார் 690 கலோரி குறைவாக உண்டார்கள். பூட்டுக் கதை முழு உண்மையாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது. இரண்டு வாரச் சோதனை பத்தாண்டு வாழ்க்கையைச் சொல்லிவிடாது என்பதும் சரியே. எனக்குக் கிடைத்த பயன் பெரும்பாலும் குறைவாக உண்டதால் வந்தது என்றே இப்போது கருதுகிறேன். அப்படிக் குறைவாக உண்பதைச் சில மாதங்களுக்கு எளிதாக்கித் தந்தது மாவுச்சத்துக் கட்டுப்பாடு.

அந்தச் சில மாதங்களைப் பற்றி யாரும் பெரிதாகச் சண்டையிடுவதில்லை. மாவுச்சத்தை மிகக் குறைக்கும் அட்கின்ஸ் முறையைக் கொழுப்பு குறைந்த வழக்கமான உணவுமுறையோடு ஒப்பிட்டு, 63 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்தி 2003இல் வெளியான ஆய்வில், ஆறாம் மாதத்தில் அட்கின்ஸ் குழு உடல் எடையில் 7 சதவீதமும் மற்றக் குழு 3.2 சதவீதமும் இழந்திருந்தன. பன்னிரண்டாம் மாதத்தில் அது 4.4, 2.5 என்று சுருங்கி, உறுதியாகச் சொல்லக்கூடிய வேறுபாடு இல்லாமல் போனது. ஏறக்குறைய அதே ஆய்வாளர்கள் 307 பேரை வைத்து, நடத்தை மாற்றத்துக்கான தொடர் வகுப்புகளோடு நடத்தி 2010இல் வெளியிட்ட இரண்டாண்டு ஆய்வில், இரு குழுக்களும் ஓராண்டில் சுமார் 11 கிலோ இழந்து, இரண்டாம் ஆண்டு முடிவில் சுமார் 7 கிலோ இழப்பில் நின்றன. ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் 609 பேரோடு நடத்தி 2018இல் வெளியிட்ட ஓராண்டு ஆய்வில் குறைமாவுக் குழு 6 கிலோவும் குறைகொழுப்புக் குழு 5.3 கிலோவும் இழந்தன. யாருக்கு எது பொருந்தும் என்பதை மரபணு வகையோ இன்சுலின் சுரப்போ முன்கூட்டிச் சொல்லவில்லை. சராசரியைவிட அதே ஆய்வின் இன்னொரு செய்திதான் என்னை நிறுத்தியது. இரண்டு குழுக்களிலும் 25 கிலோவுக்கு மேல் இழந்தவர்களும் இருந்தார்கள், எடை கூடியவர்களும் இருந்தார்கள். முறைகளுக்கு இடையே இருந்த தூரத்தைவிட மனிதர்களுக்கு இடையே இருந்த தூரம் பல மடங்கு பெரிது. 61 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற ஏறக்குறைய 7,000 பேரையும் சேர்த்துப் பார்த்த 2022ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பாய்வும் (காக்ரேன் என்பது மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் அமைப்பு), சமச்சீர் உணவைவிடக் குறைமாவு உணவு தரும் கூடுதல் எடையிழப்பு ஓராண்டுக்கும் இரண்டாண்டுக்கும் இடையில் ஒரு கிலோவைக்கூட எட்டுவதில்லை என்றே முடிவு செய்தது.

நான் அதிகம் யோசித்தது இஸ்ரேலின் டிமோனா நகரில் நடந்த ஆய்வைப் பற்றி. அங்குள்ள அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை செய்த 322 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். கொழுப்பு குறைந்த உணவு ஒரு குழுவுக்கு, ஆலிவ் எண்ணெயும் மீனும் பயறும் கொண்ட மத்தியதரைக்கடல் பகுதி உணவு இன்னொரு குழுவுக்கு, கலோரிக் கட்டுப்பாடு இல்லாத குறைமாவு உணவு மூன்றாவது குழுவுக்கு. அந்த நாட்டில் மதிய உணவே முதன்மை உணவு என்பதாலும், அதை எல்லோரும் மையத்தின் உணவகத்திலேயே உண்டதாலும், ஒவ்வொரு குழுவுக்கும் உரிய உணவை அடையாளமிட்டு வைக்க முடிந்தது. முதல் ஆண்டு முடிவில் 95 சதவீதத்தினரும், இரண்டாம் ஆண்டு முடிவில் ஏறக்குறைய 85 சதவீதத்தினரும் ஆய்வில் நீடித்தார்கள். உணவு ஆய்வுகளில் இது அரிது. 2008இல் வெளியான முடிவில் குறைமாவுக் குழு 4.7 கிலோ இழந்து முன்னணியில் இருந்தது. மத்தியதரைக்கடல் குழு 4.4, குறைகொழுப்புக் குழு 2.9. எனக்கு இந்த முறையைப் பரிந்துரைத்தவர்கள் காட்டிய சான்றுகளில் இதுவும் ஒன்று. அவர்கள் காட்டாதது 2012இல் வந்த தொடர்ச்சி. ஆய்வு முடிந்து மேலும் நான்கு ஆண்டுகள் கழித்து அதே மனிதர்களை எடை பார்த்தபோது, தொடக்கத்திலிருந்து குறைந்து நின்றது குறைமாவுக் குழுவில் 1.7 கிலோ, குறைகொழுப்புக் குழுவில் 0.6 கிலோ, மத்தியதரைக்கடல் குழுவில் 3.1 கிலோ.

உணவகமும் உணவியல் நிபுணரும் உடனிருந்தவர்களுக்கே ஆறாம் ஆண்டில் இதுதான் மிச்சம் என்றால், எனக்கு நடந்ததை இன்னும் கொஞ்சம் கருணையோடு பார்த்திருக்கலாம்.

எனக்கு நடந்தது இது. 2017 டிசம்பரில் 68.4 கிலோ. 2018 மே மாதம் அக்கா மகளின் திருமணம். மாப்பிள்ளை வீட்டார் இலை போட்டு உட்காரவைத்தபோது சோறு வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது ஒரு நாள்தான். அடுத்து ஆகஸ்டில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஐந்து வாரம் மருத்துவமனையில் இருந்தார். வாசலில் இருந்த கடையில் கிடைத்தது இட்லியும் பொங்கலும் பரோட்டாவும். நெய்யில் பாதாம் வறுத்துத் தர வீட்டில் யாரும் இல்லை. "எனக்காக நீ பட்டினி கெடக்காதடி, ரெண்டு வாய் சோறு தின்னு" என்று அம்மா படுக்கையிலிருந்து சொன்னபோது அழுதுகொண்டே சாப்பிட்டேன். வீடு திரும்பிய பின்னும் நான் பேலியோவை விட்டுவிட்டதாக நினைக்கவில்லை. காலையில் பாதாம் இருந்தது, நெய் இருந்தது, வெண்ணெய் போட்ட தேநீர்கூட இருந்தது. மதியம் கொஞ்சம் சோறும் இரவில் இரண்டு தோசையும் சேர்ந்துகொண்டன. இந்த இடம்தான் ஆபத்தானது என்று இப்போது தெரிகிறது. சோறு திரும்பி வந்தது, ஆனால் சோற்றுக்குப் பதிலாக வந்த கொழுப்பு போகவில்லை. 2019 கடைசி ஞாயிறு நோட்டில் 79.6 என்று இருக்கிறது.

ஆய்வுகளிலும் இந்த வழுக்கல் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் நாளுக்கு 20 கிராம் மாவுச்சத்தில் தொடங்கியவர்கள் ஓராண்டு முடிவில் சராசரியாக 132 கிராமில் இருந்தார்கள். டிமோனாவில் 20 கிராமில் தொடங்கியவர்கள் இரண்டாண்டு முடிவில் தங்கள் கலோரியில் சுமார் 40 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து பெற்றார்கள். ஆகவே இரண்டாம் ஆண்டில் ஒப்பிடப்படுவது குறைமாவு உணவே இல்லை, குறைமாவு உணவாகத் தொடங்கிய ஒன்று என்று இம்முறையின் ஆதரவாளர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. கண்டிப்பாகக் கடைப்பிடித்தவர்களுக்குப் பலன் நீடித்தது என்பதும் உண்மையே. ஆனால் உணவியல் நிபுணர் இல்லாமல், உணவகம் இல்லாமல், குடும்பத்தின் நடுவே வாழும் ஒருவர் பத்தாண்டு கடைப்பிடிக்க முடியுமா என்பதும் அந்த முறையின் இயல்பில் அடங்கியதுதான். மாத்திரை நல்லது, விழுங்கத்தான் முடியவில்லை என்றால் அது அந்த நோயாளிக்கு நல்ல மாத்திரை ஆகாது.

மன உறுதி இல்லை என்று என்னிடம் நேராகச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேல் இப்போது கோபம் இல்லை, ஆனால் அந்தப் பேச்சு தவறு என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எடை குறையும்போது உடல் சும்மா இருப்பதில்லை. கெவின் ஹால் குழுவின் 2016ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இழக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடல் செலவிடும் ஆற்றல் நாளுக்கு இருபது, முப்பது கலோரி குறைகிறது. பசியோ ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. மெல்போர்னில் ஐம்பது பேரை வைத்து நடத்தி 2011இல் வெளியான ஆய்வில், பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டால் மாறிய பசி ஹார்மோன்கள் ஓராண்டு கழித்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கீட்டோன்கள் உள்ளவரை இந்தப் பசி ஓரளவு மறைந்திருக்கும். சோறு திரும்பினால் அதுவும் திரும்பும். செமக்ளூட்டைட் ஊசி போட்டு எடை குறைத்தவர்கள் ஊசியை நிறுத்திய ஓராண்டில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள் என்பதும் இதே உடலியல்தான். அவர்களை யாரும் மன உறுதி இல்லாதவர்கள் என்று ஏசுவதில்லை.

இரத்தப் பரிசோதனையைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். என் மூன்று மாதச் சராசரி 6.1இலிருந்து 5.4க்கு இறங்கியது, டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு பாதியானது. அதே ஆண்டில் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். 126இலிருந்து 181க்கு ஏறியது. அது ஏறினால் பரவாயில்லை என்று எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் மருத்துவர்கள் அல்லர். எல்லோருக்கும் இப்படி ஏறுவதில்லை. சிலருக்கு மிக அதிகமாக ஏறுகிறது, யாருக்கு என்பது பரிசோதித்தால்தான் தெரியும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமெப்பிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் மருந்தளவைக் குறைக்காமல் மாவுச்சத்தை நிறுத்தினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு இரத்தம் அமிலமாகும் அபாயம் உண்டு. இதை மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கிய உறவினர் ஒருவரை அவசர சிகிச்சைப் பிரிவில் போய்ப் பார்த்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டுப் பழையபடி மூன்று வேளையும் சோறு சாப்பிடலாம் என்று நான் சொல்லவில்லை. நம் பிரச்சினை எங்கே இருக்கிறது என்பதைச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையினர் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். நகரவாசிகள் தங்கள் கலோரியில் ஏறக்குறைய பாதியைத் தீட்டிய தானியங்களிலிருந்தே, அதிலும் பெரும்பாலும் வெள்ளை அரிசியிலிருந்தே பெறுகிறார்கள் என்று சென்னையில் அவர்கள் நடத்திய ஆய்வு 2009இலேயே காட்டியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவோடு சேர்ந்து அவர்கள் நடத்திய நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அதே ஆய்வின் 18,090 பேருடைய தரவுகளை வைத்து 2022இல் அவர்கள் போட்ட கணக்கு என் கண்ணைத் திறந்தது. புதிதாக நோய் கண்டவர்கள் அதிலிருந்து மீள அவர்கள் பரிந்துரைத்தது 20 கிராம் மாவுச்சத்தை அன்று. கலோரியில் 49 முதல் 54 சதவீதம் வரை மாவுச்சத்து, 20 சதவீதத்தை ஒட்டிய புரதம். அட்கின்ஸ் பார்வையில் இது குறைமாவு உணவே ஆகாது. ஆனால் 62இலிருந்து 50க்கு இறங்குவது தமிழ்ச் சமையலறையில் செய்யக்கூடிய காரியம், பத்தாண்டு செய்யக்கூடியதும்கூட. எட்டு ஐரோப்பிய நாடுகளில் எடை குறைத்தவர்களை வைத்து நடத்தி 2010இல் வெளியான ஆய்விலும், குறைத்த எடையைத் தக்கவைக்க உதவியது கொஞ்சம் கூடுதல் புரதமும் மெதுவாகச் செரிக்கும் மாவுச்சத்தும்தான். பெரிய மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை.

2020 பொதுமுடக்கத்தில் எனக்குச் சமைக்க நேரம் கிடைத்தது. மதியம் 60 கிராம் அரிசியை அளந்து தனியாக வடித்துக்கொண்டேன். வெந்த பிறகு அது சிறு கிண்ணம் நிறைய இருக்கும், மாவுச்சத்து ஐம்பது கிராமுக்குள். அதைவிட அதிகமாக இரண்டு காய், கீரை, கெட்டிப் பருப்பு, மீன் அல்லது முட்டை. காலையில் இரண்டு இட்லியோடு இரண்டு முட்டை. இரவில் சுண்டலோ பனீரோ. நெய் ஒரு தேக்கரண்டியோடு நின்றுவிட்டது. பாதாம் நூறிலிருந்து பதினைந்தானது. மாலையில் முக்கால் மணி நேர நடை. எடை மிக மெதுவாக இறங்கியது, மாதம் ஒரு கிலோகூட இல்லை. சில மாதங்கள் அசையவே இல்லை. 2021 நடுவில் 73க்கு வந்தது. அன்றிலிருந்து 72க்கும் 74.5க்கும் இடையில் நிற்கிறது. எல்.டி.எல். 118. மூன்று மாதச் சராசரி 5.6. பேலியோவில் தொட்ட 68.4ஐ நான் மறுபடி பார்க்கவில்லை. முதலில் அது வருத்தமாக இருந்தது. இப்போது அந்த எண் எனக்குரிய எண்ணாகத் தோன்றுவதில்லை.

போன மாதம் எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்த இளம் ஆசிரியை ஒருவர் என்னிடம் வந்து, "அக்கா, நாளையிலேர்ந்து சோத்தை அடியோட நிறுத்தலாம்னு இருக்கேன், செய்யலாமா?" என்று கேட்டார். செய்யலாம் என்றுதான் சொன்னேன். தொடங்கும் முன்னும் மூன்றாம் மாதத்திலும் இரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னேன். பதினெட்டாவது மாதத்தில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து இரவு வரை என்ன சாப்பிடுவதாக இருக்கிறார் என்பதை இன்றே ஒரு தாளில் எழுதிப் பார்க்கச் சொன்னேன். மறுநாள் அவர் கொண்டுவந்த தாளில் மதியச் சோறு பாதியாக இருந்தது, இரவு டிபனுக்குப் பதில் முட்டையும் காய்கறியும் இருந்தன. அதையே இன்றிலிருந்து செய்யலாமே என்று அவரே சொல்லிக்கொண்டார். முதல் வாரத்தில் 600 கிராம்தான் குறைந்தது என்று முகம் வாடி நின்றபோது, என் லாங் சைஸ் நோட்டைக் கொண்டுபோய் முதலில் 2019ஆம் ஆண்டின் பக்கங்களையும், பிறகு 2022இன் பக்கங்களையும் அவருக்கு விரித்துக் காட்டினேன்.